கடக்கரை ஊர்ல ‘மேடம் கியூரி’ படம் போடுறது எப்படி

மண்டபம் பக்கத்துல ஒரு சின்ன கடக்கரை ஊர்ல சாயங்கால டியூஷன் எடுக்குறேன். 1943ல வந்த ‘மேடம் கியூரி’ங்கிற கருப்பு வெள்ளைப் படத்த எங்க ஊர்லயும், வாலிநோக்கம் பக்கம் ஒரு உப்பள ஊர்லயும், பெரியபட்டினத்துக்கிட்ட இன்னொரு ஊர்லயும்னு இதுவரைக்கும் மூணு ஊர்ல போட்டாச்சு. மொத தடவ சரியா வரல, மூணாவது தடவ ஆத்தாமாரே எந்திரிச்சு கேள்வி கேட்டாங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல என்னத்த மாத்துனேங்கிறதுதான் இங்க சொல்லப்போறது. உங்க ஊர்லயும் போடணும்னு நெனச்சீங்கன்னா இத படிச்சுட்டு போடுங்க, நான் பட்ட கஷ்டம் உங்களுக்கு வேணாம்.

மொதல்ல படத்த பத்தி தெரிஞ்சுக்கங்க. எம்ஜிஎம் கம்பெனி எடுத்தது, டைரக்டர் மெர்வின் லீராய், ரேடியம்ங்கிற தனிமத்த கண்டுபுடிச்ச விஞ்ஞானி மேரி கியூரியா கிரீர் கார்சன், அவங்க வீட்டுக்காரர் பியரியா வால்டர் பிட்ஜன். ரெண்டு பேரும் அதுக்கு முந்துன வருஷம்தான் வேற ஒரு படத்துல புருசன் பொண்டாட்டியா நடிச்சு கார்சனுக்கு ஆஸ்கார் கெடச்சிருந்துச்சு. இந்தப் படத்துக்கும் ஏழு ஆஸ்கார் நாமினேஷன் வந்துச்சு, ஒண்ணும் கெடைக்கல. மேரியோட சின்ன மக ஈவ் 1937ல அம்மாவ பத்தி எழுதுன புஸ்தகந்தான் கதைக்கு அடிப்படை. படம் 2 மணி 4 நிமிஷம் ஓடும். பேச்சு முழுக்க இங்கிலீஷ், பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, இத ஏன் கடக்கரை புள்ளைங்களுக்கு போடணும்னு எங்கிட்ட நெறைய பேர் கேட்டாங்க.

நான் ஏன் போடுறேன்னா இதுல ஒரு பொம்பள வேல செய்றத நெறைய நேரம் காட்டுறாங்க. சமையலோ அழுகையோ இல்ல, ஒழுகுற கொட்டகையில நின்னு கொப்பரைய கிண்டுறது, வடிகட்டுறது, அளக்குறது, எழுதுறது, திரும்ப கிண்டுறது. நம்ம பக்கம் பொம்பளைங்க பாசிக்கு முங்குறாங்க, உப்பு வாருறாங்க, கருவாடு காயப்போடுறாங்க, நண்டு ஒடைக்கிறாங்க, அந்த வேலய எந்தப் படத்துலயாவது அஞ்சு நிமிஷம் நின்னு காட்டிருக்காங்களா? விஞ்ஞானின்னா வெள்ளை கோட்டு போட்டு ஏசி ரூம்ல கண்ணாடிக் குழாய ஆட்டுறவங்கன்னு நம்ம புள்ளைங்க மனசுல இருக்கு, அந்த நெனப்ப இந்தப் படம் ஒடைக்கும், ஆனா அத நீங்கதான் எடுத்து காட்டணும். இல்லன்னா புள்ளைங்க இத ஒரு பழைய காதல் படமாத்தான் பாத்துட்டு போகும்.

நாள் பாக்குறதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா கடக்கரையில அதுதான் பாதி வேல. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு கடலுக்கு போற நாளு வேற, நாட்டுப்படகு போற நாளு வேற, உங்க ஊர்ல எந்த நாளு கர அமைதியா இருக்கும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. படகு திரும்பி மீனு எறங்குற நேரத்துல ஒரு அம்மாவும் வரமாட்டாங்க, வந்தாலும் மனசு ஏலத்துல இருக்கும். ரொம்ப நல்ல நேரம் மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, ஸ்கூலும் பெரும்பாலும் லீவு, அப்பாமாரும் வீட்ல இருப்பாங்க. அந்த நேரத்துல கையில காசு இருக்காது, அதனால யார்கிட்டயும் வசூல் பண்ணாதீங்க. பள்ளிவாசல் இருக்குற ஊர்னா மஃரிப் தொழுகை முடிஞ்சு ஆரம்பிச்சு இஷாவுக்கு இடைவேளை விடுற மாதிரி வச்சுக்கங்க, கோயில் திருவிழா, மாதா கோயில் ஜெபமால நடக்குற நாள்ல வேணாம். இத முன்கூட்டியே ஊர்த்தலைவர்கிட்டயும் ஜமாத்துலயும் சாமியார்கிட்டயும் போய் சொல்லிட்டு வாங்க, “ஒரு பொம்பள புள்ள படிச்சு பெரிய ஆளான கதை”ன்னு சொன்னா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, எங்களுக்கு ஒரு ஊர்ல ஜமாத்துலருந்தே சேரும் டீயும் கெடச்சுச்சு.

அடுத்து காத்து. ஆடி மாச கச்சான் காத்துல தெறந்த வெளியில திரை கட்டவே கட்டாதீங்க. நான் மொத தடவ கடக்கரையில ரெண்டு சவுக்கு கம்பு நட்டு வெள்ளை வேட்டிய கட்டினேன், அரை மணி நேரத்துல அது பாய் மாதிரி ஊதிருச்சு, மேரி கியூரி மூஞ்சி ஒரு தடவ பெருசாவும் ஒரு தடவ சிறுசாவும் தெரிஞ்சுது, புள்ளைங்க சிரிச்சதுல படம் போச்சு. வலை பின்னுற கூடம், மீன் ஏலக்கூடம், புயல் பாதுகாப்பு கட்டடம் இதுல ஏதாவது ஒண்ணு உங்க ஊர்ல இருக்கும், அதுக்குள்ள காத்து வராத பக்கத்து செவுத்துல போடுங்க. வெள்ளையடிச்ச செவுரு இருந்தா துணியே தேவையில்ல. துணிதான் கட்டணும்னா நாலு ஓரமும் கயிறு போகுற மாதிரி மடிச்சு தச்சு, வலைக்கயிறு கோத்து இழுத்து கட்டுங்க, கீழ ஓரத்துல மணல் நெறச்ச பாட்டில தொங்கவிடுங்க, நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு இந்த முடிச்செல்லாம் சொல்லியே கொடுக்க வேணாம். வாடகை ப்ரொஜெக்டர்னா 3000 லூமன்ஸ் இருக்கான்னு கேளுங்க, எட்டடி அகலத் திரைக்கு அது போதும், ஆனா நல்லா இருட்டுனப்புறந்தான் போடணும், இந்தப் படத்துல பாதி காட்சி இருட்டு கொட்டகைக்குள்ளதான். உப்புக்காத்து மெஷினுக்கு ஆகாது, ஓடாத நேரம் துணி போட்டு மூடுங்க, லென்ஸ கையால தொடைக்காதீங்க. கரண்டு போனா ஜெனரேட்டர் சத்தத்துல பேச்சு கேக்காது, அதனால 150 ஏஎச் பேட்டரியோட ஒரு இன்வெர்ட்டர் ஏற்பாடு பண்ணிட்டா 300 வாட் ப்ரொஜெக்டரும் ஒரு ஸ்பீக்கரும் படம் முடியிற வரைக்கும் தாராளமா ஓடும். படத்த காசு குடுத்து வாங்குன நல்ல காப்பியா வச்சுக்கங்க, திருட்டு காப்பியில நடுவுல படம் நின்னுரும்.

இங்கிலீஷ் பிரச்சனைக்கு வர்றேன். சப்டைட்டில் நம்பாதீங்க, எட்டாங்கிளாஸ் புள்ள இங்கிலீஷ் சப்டைட்டில் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அது மறஞ்சிரும், ஆத்தாமாருக்கு அதுவும் இல்ல. மௌனப்படக் காலத்துல கொட்டகையில ஒரு ஆளு திரைக்குப் பக்கத்துல நின்னு கதைய சொல்லிக்கிட்டே வருவாராம், அதையே பண்ணுங்க. படத்த மூணு தடவையாவது நீங்க தனியா பாருங்க, ஒரு நோட்டுல எந்த நிமிஷத்துல யாரு என்ன சொல்றாங்கன்னு சுருக்கமா நம்ம பேச்சுல எழுதிக்கங்க. வார்த்தைக்கு வார்த்தை வேணாம். சவுண்ட பாதியா கொறச்சுட்டு ஒரு மைக்குல ஒரு அக்கா மேரி பேச்சையும் ஒரு அண்ணன் பியரி பேச்சையும் சொல்லட்டும், நீங்க நடுவுல கதை சொல்லுங்க. எங்க ஊர்ல காலேஜ் படிக்கிற ஒரு புள்ளதான் மேரிக்கு பேசுச்சு, அதோட பேரும் மேரிதான், நம்ம கடக்கரையில தெருவுக்கு நாலு மேரி உண்டே, அந்த ஒரு விஷயத்துலயே சின்னப் புள்ளைங்களுக்கு படம் நம்மூரு படமாயிருச்சு. அமைதியா வேல செய்ற காட்சியில மட்டும் யாரும் பேசாதீங்க, அந்த இடத்துல பேச்சு தேவையே இல்ல.

படம் போடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி புள்ளைங்களோட ரெண்டு வேல செய்யணும், இத விட்டுறாதீங்க, இது செஞ்ச ஊர்லதான் படம் புடிபட்டுச்சு.

ஒண்ணு, கலர் சார்ட் பேப்பர் மேல ஒரு சாவிய வச்சு மொட்டை மாடி வெயில்ல ரெண்டு மூணு நாளு வைக்கச் சொல்லுங்க. சுத்தி வெளுத்து போயி சாவி இருந்த எடம் மட்டும் கலரா நிக்கும். வெயிலு பட்டதால வந்த அச்சுன்னு எல்லா புள்ளையும் சொல்லிரும். அப்புறம் சொல்லுங்க, 1896ல பாரீஸ்ல ஹென்றி பெக்கரல்னு ஒருத்தர் யுரேனியம் உப்ப கருப்புக் காயிதம் சுத்துன போட்டோ தட்டு மேல வச்சு டிராயருக்குள்ள போட்டுட்டாரு, வெயிலே படல, ஆனாலும் தட்டுல அச்சு விழுந்திருந்துச்சு. அப்ப எது பட்டு விழுந்துச்சு? இந்தக் கேள்விய அப்படியே விட்டுருங்க, பதில் சொல்லாதீங்க. படத்துல பெக்கரல் தட்டு வர்ற நேரம் புள்ளைங்க தானா நிமிந்து உக்காரும்.

ரெண்டாவது, உப்பு. இது ரொம்ப முக்கியம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒவ்வொரு புள்ளையும் ஒரு லிட்டர் கடத்தண்ணி எடுத்து அகலமான தட்டுல வெயில்ல வைக்கணும். சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும், அத எடை போட்டு எழுதச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உப்பளத்துல வேல செய்ற ஒரு பெரியவர கூட்டிட்டு வந்து பேசச் சொல்லுங்க. வாலிநோக்கத்துல நான் கூப்பிட்ட அண்ணன் என்ன சொன்னாருன்னா, “தண்ணி பாத்திக்கு பாத்தி மாறி மாறி டிகிரி ஏறும், மொதல்ல ஜிப்சம் அடியில படியும், அத விட்டுட்டு அடுத்த பாத்திக்கு தண்ணிய தள்ளுவோம், 25 டிகிரி வாக்குல உப்பு பூக்கும், அப்புறம் மிச்சத் தண்ணிய வெளிய விட்டுறணும், இல்லன்னா உப்பு கசக்கும்.” டிகிரின்னு அவரு சொல்றது சூடு இல்ல, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறிருக்குங்கிற அளவு. கசப்புக்கு காரணம் அதுல மிஞ்சுற மக்னீசியம். ஒரே தண்ணியில கலந்து கெடக்குற உப்பெல்லாம் ஒண்ணா வெளிய வராது, ஒவ்வொண்ணும் அதது கரையிற அளவப் பொறுத்து ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா படியும். ரேடியத்த பேரியத்துலருந்து பிரிக்க மேரி கியூரி நாலு வருஷம் செஞ்சது இதேதான். பேரியமும் ரேடியமும் குணத்துல அண்ணன் தம்பி மாதிரி, சாதாரணமா பிரிக்க முடியாது. ஆனா ரேடியம் குளோரைடு கொஞ்சம் கொறவா கரையும், அதனால கரைசல காய்ச்சி ஆற வச்சா மொதல்ல படியிற படிகத்துல ரேடியம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், அந்தப் படிகத்த எடுத்து திரும்ப கரைச்சு திரும்ப காய்ச்சி திரும்ப ஆற வைக்கணும், இப்படி எண்ண முடியாத தடவ. இத கெமிஸ்ட்ரி புஸ்தகத்துல பின்னப் படிகமாக்கல்னு ஒரு வரியில போட்டிருப்பாங்க, நம்ம உப்பளத்து புள்ளைக்கு அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருக்குன்னு ஏற்கனவே தெரியும். அத அதுகிட்ட சொல்லிக்குடுங்க.

உப்ப பத்தி இன்னொண்ணு. படத்துல பியரி கல்யாணத்துக்கு கேக்குற சீன்ல அவரு ரொம்ப கூச்சப்பட்டு சுத்தி வளைச்சு பேசி கடைசில சோடியம் குளோரைடுல போய் நிப்பாரு, அது எப்பவும் நெலைச்சு நிக்கிற, அவசியமான சேர்மம், நம்ம கல்யாணமும் அப்படி இருக்கும்கிற மாதிரி. அந்த எடத்துல மைக்குல “உப்பு மாதிரி இருப்போம்னு சொல்றாரு”ன்னு மட்டும் சொல்லுங்க. வாலிநோக்கத்துல அந்த ஒரு வரிக்கு கூடம் பூரா கைதட்டுச்சு.

இப்ப படம் போடுற விதம். ஒரே மூச்சா ஓட்டாதீங்க, மூணா பிரிங்க.

மொத பகுதி பாரீஸ்ல மேரி படிக்கிறது, பியரிய பாக்குறது, கல்யாணம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி படத்துல வராத கதைய அஞ்சு நிமிஷம் வாயால சொல்லிருங்க, ஏன்னா நம்ம புள்ளைங்களுக்கு ஒட்டுறது அந்தக் கதைதான். மேரி பொறந்தது போலந்துல வார்சாவுல, 1867 நவம்பர் 7. அப்ப போலந்துங்கிற நாடே மேப்புல கிடையாது, அவங்க ஊர ரஷ்யாக்காரன் ஆண்டுக்கிட்டு இருந்தான், வார்சா யூனிவர்சிட்டியில பொம்பளைங்கள சேக்க மாட்டாங்க, அதனால எடம் மாத்தி எடம் மாத்தி ரகசியமா நடந்த வகுப்புல படிச்சாங்க. அக்கா புரோனியாவும் மேரியும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, மொதல்ல நீ பாரீஸ் போய் டாக்டருக்கு படி, நான் வீட்டு வேலைக்கு மாதிரி அடுத்தவங்க வீட்ல தங்கி புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக்குடுத்து பணம் அனுப்புறேன், அப்புறம் நீ என்னைய கூப்பிட்டுக்க. அப்படியே நடந்துச்சு, மேரி பாரீஸ் போனப்ப வயசு 24, வருஷம் 1891. 1893ல பிசிக்ஸ் பரிச்சையில மொத எடம், அடுத்த வருஷம் கணக்குல ரெண்டாவது எடம். அக்கா தங்கச்சி மாத்தி மாத்தி படிக்க வச்சுக்கிட்ட கதைய சொன்னப்ப எங்க ஊர்ல பின்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா “நாங்களும் அப்படித்தான் தம்பிய படிக்க வச்சோம், அவன் எங்கள கூப்பிட்டுக்கலயே”ன்னாங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் முடியல, கொஞ்ச நேரம் விட்டுட்டு படத்த ஆரம்பிச்சேன்.

ரெண்டாவது பகுதிதான் உயிரு. அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கூடைக் கணக்கு சொல்லுங்க. ஒரு கூடையில ரெண்டே வகை மீனு இருக்குன்னு நெனைக்கிறோம், தனித்தனியா எடை போட்டா பத்து கிலோ வரணும், கூடையோட தூக்குனா நாப்பது கிலோ காட்டுது, அப்ப என்ன அர்த்தம்? தராசு தப்புன்னு ஒரு புள்ள சொல்லும், திரும்ப போட்டும் அதேதான்னு சொல்லுங்க. நாம பாக்காத ஏதோ ஒண்ணு கூடைக்குள்ள கெடக்குன்னு இன்னொரு புள்ள சொல்லும். பிட்ச்பிளெண்டுங்கிற யுரேனியத் தாதுவுல மேரி கண்டது இதுதான், அதுலருந்து வர்ற கதிர் யுரேனியத்தோடது மாதிரி நாலு மடங்கு இருந்துச்சு. தராசுக்கு பதிலா அவங்க வச்சிருந்தது பியரியும் அவரு அண்ணன் ஜாக்கும் உண்டாக்குன ஒரு கருவி, காத்துல ஓடுற துளியோண்டு மின்சாரத்த அளக்கும். 1898 ஜூலையில புதுசா ஒரு தனிமம் கண்டுபுடிச்சு, இல்லாத தன் நாட்டு பேர வச்சு பொலோனியம்னாங்க, அதே வருஷம் டிசம்பர்ல ரேடியம். ஆனா கண்ணுல காட்டுன்னு கெமிஸ்ட்ரிக்காரங்க கேட்டாங்க, அதுக்குத்தான் அந்தக் கொட்டகை.

கொட்டகை காட்சி வரும்போது படத்த ஒரு எடத்துல நிறுத்தி ஆத்தாமார்கிட்ட பேசுங்க. மேரி ஒரு தடவைக்கு 20 கிலோ வரைக்கும் தாது போட்டு காய்ச்சுனாங்க, கிண்டுற இரும்புக் கம்பி கிட்டத்தட்ட அவங்க ஒசரம், மழைக்கு மேல ஒழுகும், வெயிலுக்கு வேகும், புகை போக வழியில்ல. டன் கணக்குல தாதுக் கழிவ காய்ச்சி 1902ல கையில வந்த ரேடியம் குளோரைடு 0.1 கிராம், நாலஞ்சு அரிசி எடை. நான் அந்த எடத்துல நெசமாவே அஞ்சு அரிசிய ஒரு புள்ள உள்ளங்கையில வச்சு கூடம் பூரா காட்டிட்டு வரச் சொல்வேன், நீங்களும் செய்ங்க. அப்புறம் விரலப் பத்தி சொல்லுங்க. ரேடியத்த தொட்டுத் தொட்டு மேரிக்கு விரல் நுனியெல்லாம் வெந்து தடிச்சு வெடிச்சு போச்சு. மரிக்கொழுந்துப் பாசிக்கு போறவங்க விரல்ல துணிய சுத்திக்கிட்டுத்தான் முங்குவாங்க, பாறை கிழிக்கும்ல. இத நான் சொன்னதும் முன்வரிசையில இருந்த ஒரு மதினி தன் கைய விரிச்சு பக்கத்துல இருந்த மகளுக்கு காட்டுனாங்க, அந்தப் புள்ள அம்மா கைய அப்பத்தான் மொதமொத பாக்குற மாதிரி பாத்துச்சு. அந்த மரிக்கொழுந்துலருந்துதான் அகர் எடுக்குறாங்க, லேப்ல கிருமி வளக்குற தட்டுல ஊத்துறது அகருதான், இதையும் அந்த நேரமே சொல்லிருங்க, நெறைய பேருக்கு தாங்க எடுக்குற பாசி எங்க போகுதுன்னே தெரியாது.

பளபளன்னு வெளிச்சம் வர்ற சீன் இந்தப் பகுதியோட கடைசி. எல்லாம் காய்ச்சி முடிச்சு தட்டுல வெறும் கறை மட்டும் இருக்கும், தோத்துட்டோம்னு வீட்டுக்கு போயிருவாங்க, ராத்திரி திரும்பி வந்து கதவ தெறந்தா இருட்டுல அது ஒளி விட்டுக்கிட்டு இருக்கும். ரொம்ப அழகா எடுத்திருக்காங்க, பேசாம பாக்க விடுங்க. அப்புறம் ரெண்டு விஷயம் தெளிவு பண்ணுங்க. நெசத்துல அது ஒரே ராத்திரியில நடக்கல, கொஞ்சங் கொஞ்சமா கூடிக்கிட்டே வந்துச்சு, ராத்திரி சாப்பாடு முடிச்சு ரெண்டு பேரும் கொட்டகைக்கு நடந்து போயி குழாயெல்லாம் மினுங்குறத பாத்துட்டு வருவாங்கன்னு மேரியே எழுதி வச்சிருக்காங்க. இன்னொண்ணு, நம்ம புள்ளைங்களுக்கு ரேடியம்னா வண்டி நம்பர் பிளேட்டுல ஒட்டுற ஸ்டிக்கர்தான், அதுல ரேடியம் துளி கூட இல்ல, அது மேல படுற வெளிச்சத்த திருப்பி அனுப்புது அவ்வளவுதான், பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. ராத்திரி வலை இழுக்கும்போது கடல் மினுங்குறதும் வேற, அது தண்ணியில இருக்குற நுண்ணுயிர் விடுற வெளிச்சம், 2019ல நம்ம மன்னார் வளைகுடாவுல கடல் பச்சையாகி மீனு செத்து ஒதுங்குச்சே, அதுக்கு காரணமான நாக்டிலூக்காவும் அந்த வகைதான். ரேடியம் மினுங்குனது அதோட அணு ஒடைஞ்சு சக்தி வெளிய வர்றதால. மூணையும் பிரிச்சு சொல்லலன்னா புள்ளைங்க மூணையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கும், எனக்கு மொத தடவ அப்படித்தான் ஆச்சு.

மூணாவது பகுதியில பியரி சாவாரு. அது 1906 ஏப்ரல் 19, பாரீஸ்ல மழையில தெருவ கடக்கும்போது குதிர வண்டியில மாட்டி எறந்துட்டாரு. படத்துல அவரு பொண்டாட்டிக்கு தோடு வாங்கிட்டு வர்ற மாதிரி வச்சிருப்பாங்க. கடக்கரையில இத பாக்குற பொம்பளைங்கள்ல கடலுக்கு போன புருசன் திரும்பாத வீடு இருக்கும், அதனால முன்கூட்டியே கதைய சொல்லிருங்க, திடீர்னு காட்டாதீங்க. வெளிய எந்திரிச்சு போறவங்கள தடுக்காதீங்க, கூட ஒருத்தர அனுப்புங்க. எங்க ஊர்ல அந்த சீன்ல ரெண்டு பேரு எந்திரிச்சு போனாங்க, படம் முடிஞ்சப்ப வாசல்லயே உக்காந்திருந்தாங்க, “அப்புறம் அந்த பொம்பள என்ன பண்ணுச்சு டீச்சரு?”ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு படத்துல பதில் ரொம்ப கம்மி, அதுதான் எனக்கு இந்தப் படத்து மேல இருக்குற பெரிய கொறை. வேகமா பல வருஷம் தாண்டி ரேடியம் கண்டுபுடிச்ச 25வது வருஷ விழாவுல மேரி பேசுறதோட முடிச்சிருவாங்க. நீங்க நிரப்புங்க. புருசன் செத்த அதே வருஷம் நவம்பர் 5ந்தேதி மேரி பாரீஸ்ல சோர்போன் யூனிவர்சிட்டியில அவரு நின்ன எடத்துல நின்னு பாடம் எடுத்தாங்க, அங்க பாடம் எடுத்த மொத பொம்பள அவங்கதான். புருசன் செத்தப்ப ரெண்டு பொம்பளப் புள்ள, பெரியவளுக்கு 8 வயசு, சின்னவளுக்கு ஒண்ணரை கூட ஆகல. 1911ல பிரான்ஸ் அறிவியல் அகாடமியில எடம் கேட்டு ஓட்டுல தோத்தாங்க, அதே வருஷம் ரெண்டாவது நோபல் கெடச்சுது, கெமிஸ்ட்ரிக்கு. மொத நோபல் 1903ல பிசிக்ஸுக்கு, அதுலயும் மொதல்ல பெக்கரல், பியரி ரெண்டு பேருக்கு மட்டும் குடுக்குறதா இருந்துச்சு, சுவீடன்ல இருந்த ஒரு கணக்கு பேராசிரியர் தகவல் குடுத்து, பியரி எழுதி கேட்டப்புறந்தான் மேரி பேரு சேந்துச்சு. மொத உலகப்போர்ல எக்ஸ்ரே மெஷின வண்டியில ஏத்திக்கிட்டு அவங்களே போர்முனைக்கு போனாங்க, மக ஐரீனும் கூட போச்சு. ஐரீனுக்கும் 1935ல நோபல் வந்துச்சு, ஆனா அத பாக்க மேரி இல்ல, 1934 ஜூலை 4ல ரத்தம் ஊறாத நோயில எறந்துட்டாங்க, கதிர் பட்டுப்பட்டு வந்ததுன்னுதான் சொல்றாங்க. அவங்க எழுதுன நோட்டெல்லாம் இன்னிக்கும் கதிர் விடுது, ஈயப் பெட்டியில வச்சிருக்காங்க, ரேடியம் பாதியா கொறையவே 1600 வருஷம் ஆகும்.

இந்த எடத்துல கண்டிப்பா யாராவது பயப்படுவாங்க. மதுரைக்கு கூட்டிட்டு போயி கேன்சருக்கு “கரண்டு வச்ச” ஆள் நம்ம ஊர்ல ஒவ்வொரு தெருவுலயும் இருப்பாங்க. அது மின்சாரம் இல்ல, கதிர், அந்த வைத்தியம் ஆரம்பிச்சதுல ரேடியத்துக்கு பெரிய பங்கு, அளவு தெரியாம தொட்டது மேரிய கொன்னுச்சு, இப்ப அளந்து குடுக்குறாங்கன்னு பொறுமையா சொல்லுங்க. ஒரு பாட்டி இத கேட்டுட்டு “எம்மகனுக்கு வச்சது அந்த அம்மா கண்டுபுடிச்சதா”ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க, படம் போட்ட மூணு ஊர்லயும் எனக்கு மறக்காத நேரம் அதுதான்.

நம்ம நாட்டுல இப்படி யாரும் இல்லையான்னு புள்ளைங்க கேக்கும். அன்னா மாணிய சொல்லுங்க. 1918ல கேரளாவுல பீர்மேட்டுல பொறந்து, மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு, பெங்களூர்ல சி.வி.ராமன்கிட்ட ஆராய்ச்சி பண்ணி, எம்எஸ்சி இல்லன்னு சொல்லி டாக்டர் பட்டம் குடுக்காம விட்டப்புறமும் நிக்காம, 1948ல வானிலைத் துறைக்கு வந்து, வெளிநாட்டுலருந்து வாங்கிக்கிட்டு இருந்த கருவிகள இங்கயே செய்ய வச்சவங்க. நாட்டுல எங்க எவ்வளவு காத்து அடிக்குதுன்னு அளந்து புஸ்தகமா போட்டவங்களும் அவங்கதான். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா படகு கர ஏறுற ஊர்ல காத்த அளந்த பொம்பளையோட கதை எடுபடாம போகாது. அடுத்த ஞாயித்துக்கெழம மண்டபத்துல இருக்குற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு புள்ளைங்கள கூட்டிட்டு போக முடியுமான்னு முன்னாடியே எழுதி கேட்டு வைங்க, 1949லருந்து அங்க இருக்கு, பல புள்ளைங்க தெனமும் பஸ்ல அத தாண்டித்தான் போகும், உள்ள போயிருக்காது.

படம் முடிஞ்ச அன்னிக்கே புள்ளைங்கள கட்டுரை எழுதச் சொல்லாதீங்க, தூங்கட்டும். மறுநாள் அந்த 35 கிராம் உப்பு தட்ட எடுத்து வரச் சொல்லி, திரும்ப தண்ணி ஊத்தி கரைச்சு, திரும்ப வெயில்ல வைங்க. எத்தன தடவ பண்ணுவீங்கன்னு கேளுங்க, எங்க ஊர்ல ஒரு புள்ள பதினோரு தடவ பண்ணிருச்சு, ஒவ்வொரு தடவையும் எடைய தேதி போட்டு எழுதிருக்கு, அந்த நோட்ட நான் வாங்கி வச்சிருக்கேன். திரைத்துணிய நல்ல தண்ணியில அலசி காய வச்சு மடிங்க, உப்புக்காத்து பட்ட துணிய அப்படியே மடிச்சா ஈரம் புடிச்சு பூஞ்சை வந்துரும், அடுத்த ஊருக்கு குடுக்க ஆகாது.